கழலாத காப்பு

புதூர்நாடு மலை
15-4-1982

அன்புத் தம்பி தீர்த்தகிரிக்கு அக்கா செல்லியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் ஆடு மாடுகளும் சுகம். வேலூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. உன் சிலேட்டை எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து இது. கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அப்பா போன பிறகு வரும் முதல் திருவிழா. காளியம்மன் கரகம் எடுப்பது நம் வீட்டு உரிமை. இதுவரை நம் வீட்டு ஆண் தலையில்தான் ஏறியிருக்கிறது. உன் மாமா வீட்டோடு வந்த மாப்பிள்ளை, அவருக்கு அந்த உரிமை இல்லை. ஆஸ்பத்திரிப் படிப்பில் உனக்கு லீவு இல்லை என்பதை ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். ஊர்த் தலைவராகப் பெரியதனம் பார்க்கும் கோபால்சாமி சித்தப்பா, அப்படியானால் இந்த வருஷம் தன் மகன் எடுக்கட்டும் என்றார். ஒரு வருஷம் கைமாறியது திரும்பி வருமா? நானே எடுக்கிறேன் என்று எழுந்து நின்றேன்.

"பொம்பளைக்குப் பசி தாங்குமா?" என்று சித்தப்பா கேட்டார். கூட்டமே சிரித்தது. எனக்கு வீட்டு விலக்கும் நின்றுபோன வயது, அதனால் அந்தச் சாக்கும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் பூசாரிதான், அம்மனே பொம்பளைதானே என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார்.

நாளைக்குக் காப்புக் கட்டுகிறார்கள். நீ சின்னப் பிள்ளையிலேயே மலையிறங்கிப் படிக்கப் போனவன், மறந்திருப்பாய். இடது புஜத்தில் மஞ்சள் கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். இருபத்தொரு நாள் உப்பில்லாமல் ஒரே பொழுது சாப்பாடு. கரகம் எடுக்கிற அன்று சுனையில் குளித்து எழும்போது காப்பு தானாகக் கழன்று முழங்கைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கினால் அம்மன் விரதத்தை ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அப்பாவுக்கு எல்லா வருஷமும் இறங்கியது. எனக்கும் இறங்கும், நீ கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு உன் அக்கா.

வேலூர்
27-4-1982

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். நான் நலம். விடுதிச் சாப்பாட்டில் கொஞ்சம் தொப்பைகூடப் போட்டிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு உன்மேலேயே இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால் இங்கே நான் பார்க்கும் வேலையும் விரதம்தான். டாக்டர் காந்தா என்று எங்கள் பேராசிரியை. நோய் நொடியில்லாதவர்கள் விரதம் இருந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்கிறார். ஏகாதசி இருக்கும் அம்மாக்கள் வருகிறார்கள். ரம்ஜான் வந்தால் நோன்பு பிடிக்கும் தோல் பதனிடும் ஷெட் ஆட்கள் வருவார்கள். அவர்களைப் படுக்க வைத்து மூக்குக்குக் கிளிப் போட்டு, குழாய் வழியாக மூச்சு விடச் சொல்வது என் வேலை. எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று பெட்டியில் கோடு விழும். சும்மா படுத்திருக்கையில் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை அதிலிருந்து கண்டுபிடிப்பார்கள்.

விரதத்தின் முதல் வாரத்தில் எடை சடசடவென்று இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்கிறார் டாக்டரம்மா. அப்புறம் உடம்பு உஷாராகிவிடும். விறகை இழுத்துவிட்டு அடுப்பைத் தணிப்பதுபோல, செலவைக் குறைத்துக்கொள்ளும். நீ நல்ல திடமானவள்தான். ஆனாலும் தண்ணீர் நிறையக் குடி. மயக்கம் வந்தால் விட்டுவிடு, அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அன்புத் தம்பி தீர்த்தகிரி.

புதூர்நாடு மலை
2-6-1982

தம்பிக்கு ஆசி. திருவிழா முடிந்தது. கரகம் ஊர் சுற்றி வந்தது. கொஞ்சம் தூறலும் விழுந்தது. நானும் மாமாவும் சுகம். நோயில்லாதவனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று உன் டாக்டரம்மாவைக் கேட்டேன் என்று சொல். கொல்லையில் உழவு வேலை, பெரிய கடிதம் எழுத நேரமில்லை. கார்டோடு நிறுத்துகிறேன்.

அக்கா.

வேலூர்
14-6-1982

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம், உன் சுகம் என்ன என்று இப்போதாவது உண்மையை எழுது. கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கரகம் ஊர் சுற்றியது என்று எழுதினாய். யார் தலையில் என்று எழுதவில்லை.

நம் மலைக்கு ஜீப் ஓட்டும் சிங்காரம் நேற்று ஒரு நோயாளியை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவர்தான் சொன்னார். உனக்குக் காப்பு இறங்கவில்லையாம். ஒளித்துத் தின்றுவிட்டாய் என்று தீர்ப்பாம். கடைசி நேரத்தில் சித்தப்பா மகன் கரகம் எடுத்தானாம். நம் வீட்டை ஒதுக்கி வைத்துவிட்டார்களாம், நெருப்பு கொடுப்பதில்லையாம், கல்யாணம் காரியத்துக்கு அழைப்பதில்லையாம். ஐப்பசிக் கூட்டத்துக்குள் நீ சபையில் விழுந்து, "துன்னேன்" என்று சொன்னால் மன்னித்துவிடுவார்களாம், கரக உரிமை எனக்காக நம் வீட்டிலேயே இருக்குமாம். சொல்லாவிட்டால் அது சித்தப்பா வீட்டுக்கு நிரந்தரமாகப் போய்விடுமாம்.

அக்கா, நீ தின்றிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடேன். நீயும் மாமாவும் தனியாகக் கிடந்து அவதிப்படுவதைவிட அது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீர்த்தகிரி.

புதூர்நாடு மலை
5-7-1982

தீர்த்தகிரிக்கு. இங்கே சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. அங்கே உன் சுகத்தை எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். எழுத்து அழகாக இருந்ததால் வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தைதானே என்கிறாய். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அப்புறம் நான் எந்த வார்த்தை சொன்னாலும் யார் நம்புவார்கள்? உனக்காக உரிமையைக் காப்பாற்ற நான் திருடி என்று பேர் வாங்க வேண்டுமா? அப்படிக் காப்பாற்றிய கரகத்தை நீ எந்தத் தலையில் தூக்குவாய்?

நடந்ததைச் சொல்கிறேன், கேள். சுனையில் முங்கி எழுந்தேன். கயிறு கட்டிய இடத்திலேயே நின்றது. கையை உதறச் சொன்னார்கள், உதறினேன். அசையவில்லை. மேளம் நின்றது. சித்தப்பா கிட்டே வந்து கயிற்றுக்குள் விரலை விடப் பார்த்தார், நுழையவில்லை. "இன்னாம்மா, வூட்ல ஒளிச்சுத் துன்னியா?" என்று நிதானமாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் துன்னல என்று சொன்னேன். அப்படியானால் அம்மன் பொய் சொல்கிறாளா என்று கேட்டார். ஈரத்துணியோடு வீட்டுக்கு நடந்தேன்.

அன்றைக்குப் பொழுதிறங்கி உன் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒருவேளை மறந்துபோய் எதையாவது வாயில் போட்டிருப்பாயோ என்று மெதுவாகக் கேட்டார். அவர் நல்ல மனுஷன், உனக்கே தெரியும். ஊர் கேட்டது வலிக்கவில்லை, அவர் கேட்டது வலித்தது. அதற்கப்புறம் நானும் அவரும் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொள்கிறோம்.

நான் விழ மாட்டேன். இனிமேல் அதை எழுதாதே.

அக்கா.

வேலூர்
21-7-1982

அன்பு அக்காவுக்கு வணக்கம். நலம், நலமே வேண்டுகிறேன். நீ எழுதியது சரி. அந்த யோசனையை நான் திரும்பச் சொல்ல மாட்டேன்.

டாக்டர் காந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிட்டு, கறியும் சாராயமும் பழகிய ஆண், திடீரென்று உப்பில்லாத ஒரு வேளைக்கு இறங்கினால் புஜத்துச் சதை வற்றிக் கயிறு கழலும், அதில் அதிசயம் இல்லை என்றார். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு சிக்கனமாகவே எரிக்கும். அதற்கு விரதம் புதிதல்ல, அதனால் இளைக்காமலும் போகலாம். சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அவர் ஒரு கேள்வி கேட்டார். காப்புக் கட்டுவதற்கு முந்தைய மாதங்களில் உங்கள் அக்கா என்ன சாப்பிட்டார், எத்தனை வேளை? எனக்குப் பதில் தெரியவில்லை. காலையில், மத்தியானம், ராத்திரி என்று பிரித்து எழுது. முடிந்தால் இங்கேயே வா. பெட்டியில் மூச்சு விடு. நீ தின்னவில்லை என்று ஊருக்கு டாக்டரம்மா கையெழுத்திட்டுத் தருவார்.

தீர்த்தகிரி.

புதூர்நாடு மலை
16-8-1982

தம்பிக்கு. சுகம். சாமை விதைத்துக் களையெடுப்பு நடக்கிறது. இந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்தது. கடைசிப் பழத்தை உனக்கென்று வைத்திருந்தேன், அணில் தின்றுவிட்டது. சிவப்புப் பசு சினையாக இருக்கிறது.

வேலூருக்கு வர மாட்டேன். சித்தப்பா மகன் கரகம் எடுத்தபோது அவனை யாராவது குழாயில் மூச்சு விடச் சொன்னார்களா? அவன் காப்புக் கட்டவே இல்லை, பாதியில் வந்து தூக்கிக்கொண்டான். அவனுக்குக் கேட்காத சாட்சி எனக்கு எதற்கு? பெட்டி சொன்னால் நான் யோக்கியம், நான் சொன்னால் இல்லையா? உன் டாக்டரம்மா நல்லவர்தான், அவர் கும்பிடத் தக்கவர். ஆனால் அவர் கையெழுத்தை நான் சபையில் நீட்ட மாட்டேன்.

நீ கேட்ட இன்னொன்றை எழுதக் காகிதத்தில் இடம் போதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா.

வேலூர்
12-9-1982

அக்கா, நீ சுகமா என்று நான் இனிமேல் கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய்.

இடம் போதவில்லை என்று எழுதினாயே, அந்த இன்லண்ட் கடிதத்தில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அதைத்தான் நான் அதிகம் படித்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நீ பரிமாறுவாய். நாங்கள் கை கழுவும்போது நீ தொழுவத்தில் இருப்பாய். நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அதனால் நானே ஒரு காரியம் செய்தேன். ஆவணி பிறந்ததும் நம் முறைப்படி புஜத்தில் காப்புக் கட்டிக்கொண்டு, உப்பில்லாமல் ஒரு பொழுது இருந்தேன். நான் இளவட்டம், விடுதியில் மூன்று வேளை தின்கிறவன். எனக்குப் பக்தியும் அவ்வளவு கிடையாது. நடுவில் ஒருநாள் டீக்கடையில் போண்டாகூடத் தின்றேன். அப்படியும் கயிறு கழன்று முழங்கையில் வந்து நின்றது. போண்டா தின்ற எனக்கு அம்மன் இறக்கிவிட்டாள், அக்கா. தின்னாத உனக்கு இறக்கவில்லை. இதைச் சபையில் வந்து சொல்ல நான் தயார். எனக்குக் கோபமாக வருகிறது, அவர்கள் மேலும், மறைத்துவைத்த உன் மேலும்.

டாக்டரம்மாவின் கேள்விக்கு இப்போதாவது பதில் எழுது.

தீர்த்தகிரி.

புதூர்நாடு மலை
10-10-1982

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே சாமை கதிர் பிடித்திருக்கிறது. மாமா சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று கீழே எழுதுகிறேன்.

போண்டா தின்றதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் சிரித்தேன். திருவிழாவுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

கேட்டாயே, எழுதுகிறேன். டாக்டரம்மாவுக்கும் படித்துக் காட்டு. காலையில் எல்லோருக்கும் கூழ் கரைத்த பிறகு சட்டியை அலசிக் குடிப்பேன். மத்தியானம் கொல்லையில் எது கிடைக்கிறதோ அது. ராத்திரி ஆண்கள் தின்று எழுந்த பிறகு சட்டியில் என்ன இருக்கிறதோ அது. பங்குனி, சித்திரையில் குதிர் காலியாகும்போது சட்டியில் ஒன்றும் இருக்காது. உன்னைப் படிக்க வைத்ததால்தான் என்று நினைத்துப் பெருமைப்படாதே. நீ பிறப்பதற்கு முன்னாலேயே அம்மாவுக்கும் இதேதான். உன்னை என் மடியில் போட்டுவிட்டு அவள் போனபோது எடையே இல்லாமல்தான் போனாள்.

இன்னொன்று சொல்கிறேன். விரதக்காரிக்கு முதல் சோறு போட வேண்டும் என்பது முறை. கோயில் அரிசியில் எனக்கென்று தனியாக உலை வைத்தார்கள், சூடாக வடித்துக் கொட்டினார்கள். உப்பில்லாவிட்டால் என்ன? உள்ளதைச் சொல்கிறேன் தம்பி, அந்த விரதத்தில்தான் நான் வயிறு நிறையத் தின்றேன். இதை நினைத்து வெட்கப்பட்டுத்தான் உனக்கு எழுதாமல் இருந்தேன். இப்போது எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது நான் இல்லையே.

உன் கடிதத்தைச் சுனையில் வைத்து ஒருத்திக்குப் படித்துக் காட்டினேன். யாருக்கு என்று நினைக்கிறாய்? பெரியம்மாளுக்கு, சித்தப்பா பெண்டாட்டிக்கேதான். ஒதுக்கி வைத்தது ஆண்கள். தண்ணீருக்கு வருவது பெண்கள்தானே. கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் முந்தானையை விலக்கிக் காட்டினாள், புஜத்தில் மஞ்சள் கயிறு. புரட்டாசி சனி விரதம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். இப்போது கெங்கம்மாளும் பாஞ்சாலியும் கட்டியிருக்கிறார்கள், இன்னும் சிலரும். ஒரு பொழுது, உப்பில்லை, முதல் சோறு. எல்லாம் முறைப்படி, அவரவர் புருஷன் கண்ணெதிரிலேயே.

அக்கா.

வேலூர்
23-10-1982

அன்பு அக்காவுக்கு. உன் கடிதத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பாதிக்கு மேல் காகிதத்தை அவரிடமே நீட்டிவிட்டேன். மீதியை அவரே வாங்கிப் படித்தார். கூட்டத்துக்கு நான் வரட்டுமா? ஜீப்புக்குச் சிங்காரத்திடம் சொல்லிவைக்கிறேன். ஒரு வரி எழுது, போதும்.

தீர்த்தகிரி.

புதூர்நாடு மலை
14-11-1982

அன்புத் தம்பி தீர்த்தகிரிக்கு அக்கா செல்லியம்மாளின் ஆசி. எல்லோரும் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே. நீ கேட்ட ஒரு வரியை நான் எழுதவில்லை. நீ வந்தால் தம்பி வந்து காப்பாற்றினான் என்பார்கள். அதனால்தான்.

நேற்றுக் கூட்டம். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, விழுந்து சொல்லிவிட்டால் முடிந்தது என்றார். நான் நின்றேன். நான் தின்னவில்லை, விழ மாட்டேன் என்று சொன்னேன். அப்படியானால் கரகம் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று அவர் எழுந்திருக்கும்போது பெரியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். கையை நீட்டினாள்.

"எனுக்கும் எறங்கலீங்க. நானும் துன்னேன்னு சொல்லுங்க."

சித்தப்பாவுக்கு முதலில் புரியவில்லை. நீ எப்போது கட்டினாய் என்று கேட்டார். பெரியம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"உங்க எதிர்லதான் ஒரு பொழுது துன்னேன், பாத்துக்கினுதான இருந்தீங்க? இத்தினி வருசமா நீங்க வெச்ச மிச்சந்தாங்க எனுக்கு. விரதத்துலதான் மொத சோறு கெடச்சுது. எங்க கையி இன்னாத்துக்கு எளைக்கும்?"

கெங்கம்மாள் வந்தாள், பாஞ்சாலி வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். எல்லார் கயிறும் கட்டிய இடத்தில் நின்றது. பெரியதனத்தார் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்க்கட்டும் என்றேன். அவர் வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், எங்கள் கையில் சதை இருந்தால்தானே வற்றிக் கயிறு கழலும் என்று கேட்டேன். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

கிழவர் ஒருவர் மட்டும் விடவில்லை. அம்மன் குறி பொய்யாகாது, யாரோ ஒருவர் தின்றிருக்க வேண்டும், அவர் சபையில் சொல்லியாக வேண்டும் என்றார். அப்போது உன் மாமா எழுந்தார். கூட்டத்தில் அவர் வாய் திறந்து நீ கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை.

"துன்னேன்னு ஒருத்தர் சொல்லணும்னா நான் சொல்றேங்க. அவ பங்கையும் சேத்து இத்தினி வருசமா நாந்தான் துன்னேன்."

சொல்லிவிட்டு அங்கேயே விழுந்தார். சபைக்கு இல்லை, தம்பி. என் பக்கம் திரும்பித்தான் விழுந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதமாக வராதது அங்கே எல்லோர் முன்னாலும் வந்தது. நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கடைசியில், கரகம் இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும், சித்திரையில் செல்லியே காப்புக் கட்டட்டும் என்றார். காப்பு இறங்குவதும் இறங்காததும் அம்மன் இஷ்டம், அதை யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை வீட்டில் பெரியம்மாள் வாங்கிக்கொள்வாள்.

உன் டாக்டரம்மாவிடம் சொல், இனிமேல் பெட்டியில் மூச்சு விட நாங்கள் கூட்டமாகவே வருகிறோம். நிரூபிக்க இல்லை, அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று வருகிறோம். மலைப் பெண்கள் எவ்வளவு எரிக்கிறார்கள் என்று அவரும் எழுதிவைக்கட்டும்.

திருவிழாவுக்கு நீ கட்டாயம் வர வேண்டும். லீவு தராவிட்டால் கேட்காமல் வா. வந்ததும் அக்கா பரிமாறுவாள் என்று மணையைப் போட்டு உட்கார்ந்துவிடாதே. தட்டை நீ எடுத்துவை, மாமா தண்ணீர் எடுத்துவைப்பார். சேர்ந்து உட்காருவோம். நேற்று ராத்திரியிலிருந்து இந்த வீட்டில் எனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன்.

உன் அன்பு அக்கா,
செல்லியம்மாள்.